வந்தவாசிப் போரை மேசையில் நிறுத்த: மினியேச்சர் படை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1760-ல் வந்தவாசியில் மோதிய ஆங்கிலேய, பிரெஞ்சுப் படைகள் இரண்டையும் கட்டைவிரலின் பாதி உயர வீரர்களாகச் சேர்த்து, ஒவ்வொருவருக்கும் பெயின்ட் அடித்து, மேசைமேல் நிறுத்தி விளையாடுகிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் அலமாரியைப் பார்த்ததும் கேட்கும் கேள்விகளும், தொடங்க நினைக்கிறவர்கள் போனில் கேட்கும் கேள்விகளும் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

இது சதுரங்கம் மாதிரி விளையாட்டா?

சதுரங்கத்தில் கட்டங்கள் உண்டு, இதில் இல்லை. சாப்பாட்டு மேசைதான் போர்க்களம். அதன்மேல் குன்று, ஏரிக்கரை, கோட்டைச் சுவர் எல்லாம் சிறிதாகச் செய்து வைப்போம். காலாட்படை ஒரு முறைக்கு எத்தனை அங்குலம் போகலாம், குதிரைப்படை எத்தனை அங்குலம் போகலாம் என்று விதிப்புத்தகம் சொல்லும். டேப் வைத்து அளந்து நகர்த்துவோம். சுடுவதற்குப் பகடை, கைகலப்புக்குப் பகடை. அடிவாங்கிய ஒரு பிரிவு நின்று தாங்குமா, திரும்பி ஓடுமா என்பதற்கும் பகடைதான். எனக்கு மிகவும் பிடித்த கட்டம் அதுவே. எண்ணிக்கையில் ஜெயித்துக்கொண்டிருக்கும் படை மனம் தளர்ந்து ஓடுவது நிஜப் போர்களில் எத்தனையோ முறை நடந்திருக்கிறது.

இந்த விளையாட்டுக்கு நீண்ட வரலாறு உண்டு. ஜெர்மன் நாடான பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்ற தந்தையும் மகனும் உருவாக்கிய போர்ப் பயிற்சி விளையாட்டை 1824-ல் அந்நாட்டு ராணுவம் தன் அதிகாரிகளுக்காக எடுத்துக்கொண்டது. அதில் பொம்மைகள் இல்லை, வரைபடமும் சிறு கட்டைகளும்தான். நாவலாசிரியர் எச்.ஜி. வெல்ஸ் 1913-ல் பொம்மைச் சிப்பாய்களை வைத்து விளையாட விதிகள் எழுதினார். 1960-களில் டொனால்ட் ஃபெதர்ஸ்டோன் போன்றவர்களின் நூல்கள் வழியாக பிரிட்டனில் இது பெரியவர்களின் பொழுதுபோக்காகப் பரவியது. இன்று பலர் முதலில் கேள்விப்படுவது வார்ஹேமரைத்தான். அது 1983-ல் வந்தது. அதன் விண்வெளி வடிவமான வார்ஹேமர் 40,000 வந்தது 1987-ல். அவை கற்பனை உலகப் படைகள், என்னுடையது சரித்திரப் படை. தூரிகைக்கு இரண்டும் ஒன்றுதான். கீழே சொல்லும் பெயின்ட் முறை இரண்டுக்கும் பொருந்தும்.

முதல் படையாக வந்தவாசியை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்?

அளவு கைக்கு அடக்கமானது. 1760 ஜனவரி 22 அன்று அயர் கூட் தலைமையில் ஆங்கிலேயர் பக்கம் ஐரோப்பியர் சுமார் 1,900 பேர், இந்தியச் சிப்பாய்கள் சுமார் 2,100 பேர். லாலி தலைமையில் பிரெஞ்சுப் பக்கம் குதிரைவீரர்கள் உட்பட ஐரோப்பியர் சுமார் 2,250 பேர், சிப்பாய்கள் சுமார் 1,300 பேர். பிரெஞ்சுக்காரர்களுக்குத் துணையாக வந்த மராட்டியக் குதிரைப்படை பெரும்பாலும் ஒதுங்கியே நின்றுவிட்டது. அதனால் அவ்வளவு குதிரைகளுக்குப் பெயின்ட் அடிக்கும் வேலை மிச்சம்!

அந்த ஒரு நாளுக்குள் மேசைக்குத் தேவையான எல்லாமே நடந்திருக்கிறது. லாலி குதிரைப்படையைத் தானே முன்னின்று பாய அழைக்கிறார், அவர்கள் தயங்குகிறார்கள். லொரேன் ரெஜிமென்ட் நெருக்கமான நீள அணியாக அயர் கூட்டின் ரெஜிமென்ட்மேல் மோதுகிறது. ஏரிக்கரையில் இருந்த பிரெஞ்சு அரணில் ஒரு குண்டு விழுந்து வெடிமருந்து வண்டி வெடிக்க, அந்தப் பக்கமே கலைகிறது. அதை மீட்கப் போன பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி சிறைப்படுகிறார். மேசையில் அந்த வெடிமருந்து வண்டி இருக்கும் இடத்தைப் பார்த்தபடியே ஒவ்வொரு முறையும் பகடையை உருட்டுகிறோம்.

இன்னொரு காரணமும் உண்டு. இந்தப் பொழுதுபோக்கில் கிடைக்கும் படங்கள், வழிகாட்டிகள் எல்லாம் வாட்டர்லூ, நார்மண்டி போன்ற ஐரோப்பியப் போர்க்களங்களைப் பற்றியே பேசுகின்றன. நம்மூர் ஏரிக்கரையும் பனைமரமும் மேசையில் ஏற வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

நாலாயிரம் பேரை எப்படி மேசையில் நிறுத்துவீர்கள்?

ஒரு பொம்மை 50 பேருக்குச் சமம் என்று வைத்துக்கொண்டேன். ஆங்கிலேயர் பக்கம் ஐரோப்பியர் 38, சிப்பாய்கள் 42. பிரெஞ்சுப் பக்கம் 45, 26. மொத்தம் 151 உருவங்கள். இவற்றோடு உள்ளூர்க் குதிரைப்படை கொஞ்சம், இந்தப் பக்கம் மூன்று பீரங்கி, அந்தப் பக்கம் இரண்டு. விகிதத்தை 1:100 ஆக்கினால் எண்ணிக்கை பாதியாகும். ஆனால் பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட வரிசை படையாகத் தெரியாது, ரோந்துக் குழுவாகத் தெரியும்.

எந்த அளவு வாங்கலாம்?

புழக்கத்தில் அதிகம் இருப்பவை 6, 10, 15, 20, 28 மி.மீ. இது நிற்கும் ஆளின் உயரத்தைத் தோராயமாகச் சொல்வது. கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். ஏர்ஃபிக்ஸ் பெட்டிகளில் 1:72 என்று போட்டிருப்பது 20 மி.மீ.-ஐ ஒட்டி வரும்.

முகமும் பொத்தானும் தெரிய வேண்டும் என்பதால் 28 மி.மீ. எடுத்தேன். இடமும் பணமும் குறைவு என்றால் 15 மி.மீ. நல்ல தேர்வு. ஃபில் பார்க்கர் முதலானோர் 1990-ல் கொண்டுவந்த டி.பி.ஏ. என்ற விதித்தொகுப்பில் ஒரு படைக்குப் பன்னிரண்டே பிரிவுகள். 15 மி.மீ.-க்கு 60 செ.மீ. சதுரப் பலகை போதும். அதன் படைப் பட்டியல்களில் பழந்தமிழர், சிங்களர் படைகளுக்கும் இடம் உண்டு. யானைகளோடு ஒரு சோழப் படை வேண்டும் என்கிறவர்களை நான் அந்தப் பக்கமே அனுப்புவேன்.

திப்புவின் புலிவரிச் சட்டைக் காலாட்படையோடுதான் தொடங்குவேன் என்று பலர் கேட்கிறார்கள். ஆசை நியாயமானது. ஆனால் ஒவ்வொரு சட்டையிலும் இருபது முப்பது வரிகள் கையால் போட வேண்டும். அதை இரண்டாவது படையாக வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே கிடைக்கும்? செலவு எப்படி?

உலகின் மினியேச்சர் தொழிலில் பெரும் பங்கு இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமைச் சுற்றியே இருக்கிறது. கேம்ஸ் வொர்க்‌ஷாப், வார்லார்ட் கேம்ஸ், பெர்ரி மினியேச்சர்ஸ் எல்லாம் அங்கேதான். ஈய வார்ப்பு நடந்த காலத்திலிருந்தே அந்தப் பகுதிக்கு ‘லெட் பெல்ட்’ என்று செல்லப்பெயர்.

அங்கிருந்து வரவழைக்கும்போது சுங்கவரியைக் கணக்கில் வையுங்கள். இந்தியாவில் பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்கவரி 2020-ல் 20-லிருந்து 60 சதவீதமாகவும், 2023-ல் 70 சதவீதமாகவும் ஏறியது. பார்சல் பொம்மை என்ற கணக்கில் போனால் பொருளின் விலைக்கு நிகராகவே செலவு வந்து நிற்கும். நண்பர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஆர்டர் போட்டால் தபால் செலவாவது பங்காகும்.

முழுப் படையையும் ஒரே தடவையில் வாங்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பிரிக்காத பெட்டிகள் அலமாரியில் ஏறிக்கொண்டே போகும், ஒன்றைத் திறக்கக்கூடக் கை வராது. பன்னிரண்டு பேர் வாங்குங்கள், முடியுங்கள், மேசையில் நிறுத்துங்கள், பிறகு அடுத்த பன்னிரண்டு. என் படை வளர்ந்ததே இப்படித்தான்.

பிளாஸ்டிக்கா, உலோகமா, ரெசின் பிரின்டா?

பிளாஸ்டிக் லேசானது, வெட்டி ஒட்டிக் கைகால்களை மாற்றலாம். பிளாஸ்டிக் சிமென்ட் போட்டால் இரு பக்கமும் உருகி ஒன்றாகிவிடும். உலோகம் கனம், கையில் பிடித்தால் ஒரு நிறைவு. அதற்கும் ரெசினுக்கும் ஃபெவிக்விக் வேண்டும். பழைய உலோக உருவங்களில் ஈயம் இருக்கும். அரம் போட்டு முடித்ததும் கை கழுவிவிட்டுத்தான் சாப்பிட உட்கார வேண்டும்.

ரெசின் என்ற திரவத்தை இறுகவைத்து உருவங்களைச் செய்யும் 3டி பிரின்டரை வீட்டிலேயே வைத்திருக்கிறவர்களுக்குச் சுங்கத் தொல்லை இல்லை. தலைப்பாகை கட்டிய சிப்பாய்கள் போல எளிதில் கிடைக்காத உருவங்களுக்கு அது பெரிய வரம். ஆனால் இறுகாத ரெசின் தோலில் பட்டால் ஒவ்வாமை வரும், அலசப் பயன்படும் ஐசோபுரோபைல் ஆல்கஹால் சட்டென்று தீப்பிடிக்கும். கையுறையும் காற்றோட்டமும் கட்டாயம். குழந்தைகள் படுக்கும் அறையில் அந்த வேலை கூடவே கூடாது.

தொடங்க என்னென்ன வேண்டும்?

நல்ல முனையுள்ள இரண்டு தூரிகைகள், பத்துப் பன்னிரண்டு அக்ரிலிக் நிறங்கள், கூரான கத்தி, சிறு அரம். தூரிகையில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். முடி எண்ணிக்கை குறைந்த மிகச் சிறிய தூரிகை வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அதில் பெயின்ட் முனைக்கு வருமுன்பே காய்ந்துவிடும். நடுத்தர அளவில், முனை ஊசிபோலக் குவியும் தூரிகைதான் கண்ணுக்குப் பொட்டு வைக்கவும் உதவும்.

மற்றவை வீட்டிலேயே உண்டு. உருவத்தை மருந்து பாட்டில் மூடியில் ஒட்டிக்கொண்டால் பிடித்து வரையப் பிடி கிடைத்துவிடும். சித்திரை வெயிலில் அக்ரிலிக் தட்டில் விட்டதும் தோல் கட்டும். காற்றுப் புகாத டிபன் பாக்ஸில் நனைத்த ஸ்பாஞ்சைப் போட்டு, அதன்மேல் பட்டர் பேப்பர் விரித்து, அதில் நிறத்தைக் கலந்தால் மறுநாளும் ஈரமாக இருக்கும்.

பிரைமர் (நிறம் பிடிக்க முதலில் கொடுக்கும் அடிப்பூச்சு) ஸ்ப்ரே சொரசொரப்பாக வருகிறதே?

வெயில் அதிகம். துளி உருவத்தைத் தொடும் முன்பே காற்றில் காய்ந்து தூளாகி விழுகிறது. மழைக்காலத்தில் இதற்கு எதிரான கோளாறு: ஈரம் கோத்து வெளிறிப் போகும். கடலோர ஊர்களில் ஸ்ப்ரேக்கு ஏற்ற நாட்கள் கொஞ்சம்தான். தூரிகையால் பூசும் பிரைமருக்கு மாறிவிட்டேன். இரண்டு மெல்லிய பூச்சு, நடுவில் நன்றாகக் காய விட வேண்டும். மடிப்புகளில் தேங்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ஒரு சிப்பாய்க்கு எப்படிப் பெயின்ட் அடிக்கிறீர்கள்?

என் ஆங்கிலேயப் பக்கத்துச் சிப்பாய்க்குச் சிவப்புக் குறுஞ்சட்டை, தொடை வரை வெள்ளைக் கால்சட்டை, நீலத் தலைப்பாகை, வெறுங்கால். உடம்பிலிருந்து வெளியே வருவதுதான் வரிசை. முதலில் தோல், பிறகு அதன்மேல் படியும் துணி, கடைசியாகத் துணிக்கு மேலே வரும் வார், பை, துப்பாக்கி. இப்படிப் போனால் உள்ளே பிசகியதை வெளியே வருவது மூடிக்கொள்ளும்.

சிவப்பு அடர்த்தியில்லாத நிறம். நேரடியாக அடித்தால் நான்கு பூச்சு கேட்கும். கீழே செங்கல் போன்ற பழுப்பு ஒரு பூச்சு கொடுத்து மேலே சிவப்பு அடித்தால் இரண்டே போதும். வெள்ளைக்கும் அதே யோசனை. வெளிர்ச் சாம்பலில் தொடங்கி, துணி புடைத்த இடங்களில் மட்டும் வெள்ளை வைக்க வேண்டும். முழுக்க வெள்ளை அடித்தால் கால்சட்டை சுண்ணாம்புக் கட்டியாகத் தெரியும்.

அடுத்து வாஷ். தண்ணீர் போன்ற நீர்த்த பழுப்பு அது. சிட்டடெல் பிராண்டின் அக்ராக்ஸ் எர்த்ஷேட் என் மேசையில் எப்போதும் இருக்கும். மேலே தடவியதும் அது தானாகவே இறங்கும்: கைமடிப்பின் அடியில், வாரின் ஓரத்தில், விரல்களின் நடுவில். காயும்போது பள்ளங்கள் இருட்டாகி, அதுவரை தட்டையாக இருந்த பொம்மைக்கு எலும்பும் சதையும் வந்தது போலிருக்கும். எத்தனை நூறு முறை பார்த்தாலும் அந்தப் பத்து நிமிடம் எனக்கு அலுக்கவில்லை.

கடைசியில் தோள்பட்டை, முழங்கை, தலைப்பாகை மடிப்பின் மேல்விளிம்பு ஆகிய இடங்களில் வெளிச்சம் வைக்க வேண்டும். சிவப்பை வெளிற்ற வெள்ளையைக் கலந்தால் ரோஜா நிறம் வந்துவிடும். ஒரு துளி ஆரஞ்சு கலந்தால் வெயில் பட்ட சிவப்பு கிடைக்கும்.

நம்மூர் ஆட்களின் தோல் நிறத்துக்கு எந்த பாட்டில்?

சதை நிறம் என்று பெயர் போட்டு வரும் பாட்டில்கள் பெரும்பாலும் ஐரோப்பியத் தோலுக்கானவை. அதில் கறுப்பைக் கலந்து இருட்டாக்கினால் சாம்பல் பூத்த, நோய்ப்பட்ட முகம் வரும். இதை முதலிலேயே யாராவது சொல்லியிருந்தால் என் முதல் பன்னிரண்டு பேரைத் திரும்ப வரைந்திருக்க வேண்டாம்.

சதை பாட்டிலை எடுக்கவே எடுக்காதீர்கள், பழுப்பிலிருந்து தொடங்குங்கள். வலேஹோ பிராண்டின் ஃப்ளாட் பிரவுன் போன்ற செம்பழுப்பை அடிநிறமாக அடித்து, அடர்பழுப்பு வாஷ் கொடுத்து, பீஜ் பிரவுன் போன்ற மஞ்சள் சாயலுள்ள பழுப்பால் மூக்கு, கன்ன எலும்பு, விரல் கணு, முழங்கால் ஆகிய இடங்களில் வெளிச்சம் வையுங்கள். நம் தோலில் வெளிச்சம் மஞ்சளும் செம்மையுமாக விழுகிறது, வெள்ளையாக விழுவதில்லை. சந்தேகமிருந்தால் ஜன்னல் பக்கம் உங்கள் புறங்கையை நீட்டிப் பாருங்கள். அதைவிடச் சரியான மாதிரி வேறில்லை.

இன்னொன்று, 42 பேருக்கும் ஒரே பழுப்பு வேண்டாம். மூன்று கலவைகள் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி அடிக்கிறேன். ஒரு பட்டாளத்தில் மாநிறமும் இருக்கும், கருகருவென்ற கறுப்பும் இருக்கும். மெட்ராஸ் ரெஜிமென்ட் தன் தொடக்கமாகக் கொள்ளும் ஆண்டு 1758. அந்தத் தலைமுறை ஆட்களைத்தான் நாம் வரைகிறோம். அவர்கள் முகத்தைச் சரியாக வரைவது எனக்கு உடுப்புப் பொத்தானைவிட முக்கியம்.

பிரெஞ்சுப் படையில் சிவப்புச் சட்டைக்காரர்கள் நிற்கிறார்களே, தவறா?

சரிதான். லாலியின் சொந்த ரெஜிமென்ட் பிரெஞ்சு மன்னருக்குச் சேவை செய்த ஐரிஷ் ரெஜிமென்ட்களில் ஒன்று. ஐரிஷ் ரெஜிமென்ட்கள் சிவப்பே அணிந்தன. லாலியின் ஆட்களுக்குக் கைமடிப்பும் மடிப்பு மார்பும் பச்சை. லொரேன் ரெஜிமென்ட் சாம்பல் கலந்த வெள்ளை. மேசையில் தூரத்திலிருந்து பார்க்கும்போது குழப்பம் வரும் என்பதால் கொடிகளைக் கொஞ்சம் பெரிதாக வைத்திருக்கிறேன். பிரெஞ்சு ரெஜிமென்ட் கொடிகளில் நடுவே வெள்ளைச் சிலுவை இருக்கும், எட்ட இருந்தே தெரியும். காகிதத்தில் அச்சிட்டு, ஃபெவிகால் தடவி, ஈரம் இருக்கும்போதே விரலால் நெளித்துவிட்டால் காற்றில் அசைவது போல் காயும்.

எவ்வளவு நேரம் ஆகும்?

ஒரு உருவத்துக்கு எனக்கு 40 நிமிடம். 151 பேருக்கு ஏறக்குறைய 100 மணி நேரம். தினமும் இரவில் ஒரு மணி நேரம் என்றால் மூன்றரை மாதம். ஒவ்வொருவராக முடித்தால் இந்தக் கணக்கு வராது, பன்னிரண்டு பேரை வரிசையாக வைத்து எல்லோருக்கும் தோல், பிறகு எல்லோருக்கும் வெள்ளை என்று போக வேண்டும்.

முகத்துக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்துக் குறை கண்டுபிடிக்காதீர்கள். படை என்பது இரண்டடி தள்ளி நின்று பார்க்கப்படுவது. ஒரு சிப்பாயின் கண் பிசகியது அங்கிருந்து தெரியாது, 42 பேரும் ஒரே வரிசையில் ஒரே சிவப்பில் நிற்பதுதான் தெரியும். என் படையில் பாதிப் பேருக்குக் கண்ணே வரையவில்லை. வாஷ் போட்ட நிழலே கண்ணாகத் தெரிகிறது. ஆனால் தளபதிக்கும் கொடி பிடிப்பவருக்கும் மட்டும் ஒரு முழு இரவு கொடுங்கள், பார்க்கிறவர் கண் அங்கேதான் போகும்.

பேஸ் (உருவங்கள் நிற்கும் அடித்தட்டு) எப்படிச் செய்வது?

நான்கு பேரை 40 மி.மீ. சதுரத்தில் ஒட்டுகிறேன். ஃபெவிகால் தடவி, டீ வடிகட்டியில் சலித்த மணலைத் தூவி, காய்ந்ததும் செம்மண் நிறம் அடித்து, மேலே வெளிர்ப் பழுப்பை உலர்ந்த தூரிகையால் தேய்க்க வேண்டும். இங்கிலாந்துக் கம்பெனிகளின் பச்சைப் புல்லை ஜனவரி மாத வந்தவாசியில் தாராளமாக ஒட்டாதீர்கள். ஏரிக்கரை ஓரம் கொஞ்சம் பச்சை, மற்ற இடமெல்லாம் காய்ந்த புல். தேங்காய் நாரைப் பொடியாக நறுக்கி நட்டால் அதற்கு இணை எதுவும் இல்லை. பனைமரத்துக்குக் கம்பியில் காகிதம் சுற்றுகிறேன். ஓலையை விசிறியாக வெட்டி மடிக்க ஒரு மரத்துக்கு அரை மணி நேரம் போகும். அந்த நான்கு மரங்களை வைத்ததும் மேசை நம்மூராகிவிடுகிறது.

வார்னிஷ் அவசியமா?

அவசியம். விரல் பட்டுப் பட்டு மூக்கிலும் தொப்பி முனையிலும் பெயின்ட் தேயும். முதலில் பளபளப்பு வார்னிஷ் பூசினால் உறுதி, அதன்மேல் மேட் பூசினால் பளபளப்பு அடங்கும்.

இதில் ஒருமுறை எனக்கு வயிறு கலங்கியது. ஒரு கார்த்திகை மழை நாளில், பொறுமையில்லாமல் 24 சிப்பாய்களை மொட்டைமாடிப் படிக்கட்டில் வைத்து மேட் ஸ்ப்ரே அடித்தேன். ஐந்து நிமிடத்தில் சிவப்புச் சட்டைகள் எல்லாம் சாம்பல் பூத்து, விபூதி பூசியது போல் ஆகிவிட்டன. மூன்று வார வேலை. அன்றிரவு தூங்கவில்லை. மறுநாள் ஒருவருக்கு மட்டும் தூரிகையால் பளபளப்பு வார்னிஷ் பூசிப் பார்த்தேன். ஈரம் பட்டதுமே அடியிலிருந்து சிவப்பு திரும்பி வந்தது. 24 பேருக்கும் அப்படியே பூசி, நன்றாகக் காயவிட்டு, தூரிகையாலேயே மேட் பூசினேன். உங்களுக்கு இது நேர்ந்தால் பெயின்டைச் சுரண்டாதீர்கள், முதலில் ஒரே ஒரு ஆளிடம் பளபளப்பு வார்னிஷை முயன்று பாருங்கள்.

எப்படிப் பத்திரப்படுத்துவது?

பேஸின் அடியில் காந்தத் தாளை வெட்டி ஒட்டி, பழைய பிஸ்கட் டின்னில் நிறுத்துங்கள். பஸ்ஸில் கொண்டுபோனாலும் சாயாது. வெயில் நேரே விழும் ஜன்னல் பக்கம் வேண்டாம்.

கூட விளையாட ஆள் இல்லையே?

இரண்டு படையையும் நீங்களே சேர்த்துவிட்டால் ஆள் கிடைப்பது எளிது. எதிரே உட்காருகிறவர் எதுவும் வாங்க வேண்டியதில்லை, விதியும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வந்தவாசியை நான் முதன்முதலில் விளையாடியது என் சித்தப்பாவோடு. அவருக்கு பிரெஞ்சுப் பக்கம் கொடுத்து, “இது நகரும், இது சுடும், இது உருட்டணும்” என்று மட்டும் சொன்னேன். லொரேன் ரெஜிமென்ட்டை அனுப்பலாமா வேண்டாமா என்று கால் மணி நேரம் யோசித்தார். வெடிமருந்து வண்டியைப் பார்த்துவிட்டு, “இதைக் கொஞ்சம் பின்னாடி தள்ளி வைக்கலாமாடா?” என்றார். தள்ளி வைத்தார். அன்று பிரெஞ்சுக்காரர்கள் இருட்டும்வரை நின்றார்கள்.